துடுப்பில் இருந்த நாலு எழுத்து

சின்னையன் அந்தத் துடுப்பைக் கொண்டுவந்து, பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்த மணலிலேயே போட்டான்.

"அலம்பரக் கோட்டையாண்ட ஒதுங்கிக் கெடந்துச்சு டீச்சரம்மா. எங்காளுங்கள்ல படிக்கத் தெரிஞ்சவன் எவன் கீறான்? யாருதுன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க."

பர்வதம் டீச்சர் குனிந்தாள். பிடிக்குக் கீழே அறுந்த கயிறு இரண்டு சுற்று ஒட்டிக்கொண்டிருந்தது. கயிறு விலகிய இடத்தில், கத்தியால் தோண்டிய நாலு எழுத்து.

சட்டென்று துடுப்பைப் புரட்டப் போனாள். அதற்குள் ஒரு சின்னக் கை அதன்மேல் விழுந்துவிட்டது.

"நான் படிக்கிறேன் டீச்சர்!"

சின்னப்பொண்ணுவுக்கு ஆறு வயது.

புயல் அடங்கி நாலு நாள். குப்பத்திலிருந்து போன ஐந்து கட்டுமரங்களில் நான்கு திரும்பிவிட்டன. ஐந்தாவது சின்ன மரம். அதில் தனியாகப் போனவன் அவள் அப்பா குட்டையன். அம்மா கன்னியம்மா நாலு நாளாகக் கரையில்தான் உட்கார்ந்திருக்கிறாள். பெண்ணை மட்டும் தவறாமல் பள்ளிக்கூடத்துக்கு விரட்டிவிடுகிறாள்.

துடுப்பைப் பார்த்ததும் சின்னப்பொண்ணுவின் முகம் வெளுத்துத்தான் போயிருந்தது. ஆனாலும் விரலை முதல் எழுத்தின் மேல் வைத்தாள்.

"த."

'ஆனா தெரியாம டானா சொல்லிக் குடுக்கிற டீச்சர்' என்று ஊரே கேலி பேசியது. பர்வதம் அதற்கெல்லாம் அசையவில்லை. செங்கல்பட்டில் பயிற்சிக்குப் போனபோது கற்ற முறை அது. முதலில் ட, ப, ம. ஓசை நாக்கில் பழகிய பிறகு ஒட்டிப் படிக்கவேண்டும், படம், மடம் என்று. பிறகுதான் மற்ற எழுத்துகள், ஒவ்வொன்றாக.

"ன."

கொம்பு போட்ட எழுத்துகள் கடைசியில். 'கோ' நேற்றுத்தான் வந்தது. இன்னும் ஒரு நாள் தள்ளிப் போட்டிருக்கலாம். பாவி, ஒரே ஒரு நாள்.

"கோ... டி."

விரல் திரும்ப முதலிலிருந்து ஓடியது.

"தன... கோடி. தனகோடி!"

பிள்ளைகள் எல்லாரும் கை தட்டினார்கள். புத்தகத்துக்கு வெளியே அவள் படித்த முதல் சொல் அது. சின்னப்பொண்ணு டீச்சரை நிமிர்ந்து பார்த்தாள். நாலு நாளாகக் காணாத சிரிப்பு.

"எங்க நைனாது இல்ல டீச்சர்! யாரோ தனகோடியாம்! அம்மாகிட்ட சொல்லிட்டு வந்துடறேன்!"

பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கரையைப் பார்த்து ஓடினாள்.

டீச்சர் வாசலுக்கு ஓடிவந்து கூப்பிட்டாள். அடிக்கிற காற்றில் அது எங்கே கேட்கப் போகிறது.

பள்ளியில் சேர்த்த அன்று, தகப்பன் பெயர் என்ன என்று கேட்டதற்குக் கன்னியம்மா வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். புருஷன் பெயரை அவள் வாயால் எப்படிச் சொல்வாள்? மறுநாள் குட்டையனே வந்தான், கையில் துடுப்போடு. பதிவேட்டுக்குப் பெயரைச் சொன்னான். அதையே துடுப்பிலும் எழுதச் சொன்னான். டீச்சர் சாக்குக்கட்டியால் எழுத, அதன்மேலேயே கத்தியால் தோண்டிக்கொண்டான். பிறகு எழுத்து தெரியாதபடி கயிற்றைச் சுற்றினான்.

"எம் பேரு எம் பொண்ணுக்கே தெரியாது டீச்சரம்மா. ஊரே குட்டையன்னுதான் கூப்புடுது. அது எழுத்துக் கூட்டிப் படிக்கிற அன்னிக்கு நானே கயித்த அவுக்கிறேன். அதுவரைக்கும் சொல்லிடாதீங்க."

டீச்சர் சொல்லவில்லை. அவன் கேட்டுக்கொண்டபடியே இருந்துவிட்டாள்.

கரையில் கன்னியம்மா, மகள் சிரித்துக்கொண்டே ஓடிவருவதைப் பார்த்தாள். நல்ல சேதிதான் என்று நினைத்து, நாலு நாளில் முதல் தடவையாக எழுந்து நின்றாள்.