நெஃபாசித் இறக்கத்தில் வெடித்த டயர்

துப்பாக்கி சுட்டதுபோல் ஒரு சத்தம். அஸ்மாராவிலிருந்து நெஃபாசித்துக்கு இறங்கும் மலைச்சாலையில், பாறை மேல் வெயில் காய்ந்துகொண்டிருந்த குரங்குகள் சிதறி ஓடின. ஓக்பாயின் சைக்கிள் இப்படியும் அப்படியும் ஆடி, சாலையோரக் கைப்பிடிச் சுவரை உரசிக்கொண்டு நின்றது.

அவன் விழவில்லை. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, வளைவில் இருந்த ஸெனாயித்தின் தேநீர்க் கடைக்குள் போய் உட்கார்ந்தான். நாளெல்லாம் கல் சுமந்தவனைப்போல் களைத்திருந்தது முகம்.

“மறுபடியும் முன் டயரா?” கள்ளிப்பழம் உரித்துக்கொண்டிருந்த ஸெனாயித் கத்தியைக் கீழே வைத்தாள். “என் கடை வாசல்லதான் வெடிக்கணும்னு ஏதாவது வேண்டுதலா தம்பி?”

“இருக்கும்க்கா.”

அவள் நீட்டிய தேநீரை வாங்கப் போனான். விரல்கள் மடங்கியபடியே நின்றன, நிமிரவில்லை. பாவம், பயந்துவிட்டான் என்று அவளே குவளையை அவன் முன்னால் வைத்து, ஒரு துண்டு ரொட்டியையும் வைத்தாள்.

அதற்குள் கிதானேயும் வந்து இறங்கினான். இருவரும் அஸ்மாராவில் ஒரே கிளப்புக்கு ஓட்டுகிறவர்கள். வெளிநாட்டுப் பந்தயத்துக்குப் போகும் அணியில் ஒரே ஒரு இடம் மிச்சம் இருந்தது. அது இந்த இருவரில் யாருக்கு என்று பயிற்சியாளர் அஸ்மெரோம் இந்த வாரம் சொல்ல வேண்டும்.

ஏற்றத்தில் கிதானேயை அடிக்க ஆள் இல்லை. ஆனால் இறக்கம் என்றால் ஓக்பாய்தான். கழுகு என்றே அவனுக்குப் பேர். போன வருடம் இதே மலையில் விழுந்து தோள் எலும்பு முறிந்தும், கட்டுப் பிரித்த கையோடு திரும்பி வந்தவன். இன்றுவரை இந்த இறக்கத்தில் கிதானே அவனை முந்தியதே இல்லை.

“அடி ஏதும் இல்லையேண்ணே?” என்றான் கிதானே.

“இல்லடா. உக்காரு.”

கிதானே உட்காரவில்லை. வாசலிலேயே நின்று மேலே சாலையைப் பார்த்தான்.

வளைவுகளில் தங்கித் தங்கி வந்த பயிற்சியாளரின் வேன் கடைசியில் வந்து நின்றது. அஸ்மெரோம் இறங்கி வந்து சக்கரத்தைக் கழற்றி, டயருக்குள் விரலை விட்டு ஒரு சுற்றுத் தடவினார். கிழிந்து தொங்கிய டியூபை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“முள்ளா?” என்றாள் ஸெனாயித்.

“முள் குத்தினா புஸ்ஸுன்னு இறங்கிடும்மா, இப்படி வெடிக்காது. டயர் புதுசு, டியூப் புதுசு. நானே உக்காந்து மாட்டினேன். ஒண்ணு, ரிம் கொதிச்சிருக்கணும். இல்லேன்னா எவனாவது கை வச்சிருக்கணும்.”

சக்கரத்தைத் தரையில் போட்டுவிட்டுக் கிதானேயைப் பார்த்தார்.

“காலையில எல்லாரும் காப்பி குடிச்சிட்டிருந்தப்ப, நீ இவன் சைக்கிள்கிட்ட குனிஞ்சு என்ன பண்ணிட்டிருந்தே?”

கிதானே மறுபடியும் சாலைப் பக்கம் திரும்பினான்.

“உன்னைத்தான் கேக்கிறேன்.”

“காத்தைக் கொஞ்சம் இறக்கினேன், கோச்.”

ஸெனாயித் வாயில் கை வைத்துக்கொண்டாள். அஸ்மெரோமுக்குக் கோபம்கூட உடனே வரவில்லை. அருகில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“போன தடவையும் நீதானா?”

“ஆமா.”

“எதுக்குடா?”

கிதானே ஓக்பாயை ஒரு முறை பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

“எதுக்குன்னு எனக்குத் தெரியாதா,” என்றார் அஸ்மெரோம். குரல் தளர்ந்திருந்தது. “சுவரைத் தாண்டினா பள்ளம். ஒரு சீட்டுக்காக ஒருத்தனைப் பள்ளத்துல தள்ளப் பாத்திருக்கே. இவன் வீட்டுக்கு நான்தான் போய்ச் சொல்லணும், தெரியுமா? சட்டையைக் கழட்டிக் குடு. இனிமே கிளப் பக்கம் வராதே.”

கிதானே கிளப் சட்டையின் ஜிப்பை இறக்கினான்.

ஓக்பாய் பார்த்துக்கொண்டே இருந்தான். கேட்காமலேயே அந்த இடம் அவன் மடியில் வந்து விழுந்திருந்தது. வாயைத் திறக்காமல் தேநீரைக் குடித்தால் போதும். கழுகு கழுகாகவே இருக்கும்.

ஆனால் அதற்குப் பிறகு? வெளிநாட்டிலும் மலை இருக்கும். அதிலும் ஏறினால் இறங்க வேண்டும். மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்திப் பார்த்தான்.

“சட்டை அவன்கிட்டயே இருக்கட்டும், கோச்.”

“உனக்கென்ன பைத்தியமா? இவன் உன் உயிரோட விளையாடியிருக்கான்.”

“அண்ணே, வேண்டாம்ணே,” என்றான் கிதானே மெதுவாக. “விட்டுடுங்க. நான் போயிடறேன்.”

ஓக்பாய் எழுந்து வந்து, கிதானேயின் ஜிப்பைத் தானே மேலே இழுத்துவிட்டான்.

“ரிம் கொதிச்சா உள்ள காத்து விரியும், முன்னாடியே கொஞ்சம் இறக்கி வச்சா தாங்கும்னு செஞ்சிருக்கான். எனக்கே இப்பதான் தெரியுது. முந்தாம பின்னாலேயே வர்றவனுக்கு ரப்பர் கருகற வாசனை தெரியாமலா இருக்கும்?”

அஸ்மெரோம் குழம்பினார். “பிரேக் விடாம உரசினாத்தான் ரிம் கொதிக்கும். உன் ரிம் ஏன்டா கொதிக்கணும்?”

ஓக்பாய் கீழே பார்த்தான். வளைவுக்குக் கீழ் வளைவாகச் சாலை இன்னும் இறங்கிக்கொண்டே போயிற்று.

“விழுந்த நாள்லேர்ந்து, இறக்கத்துல நான் பிரேக்கை விட்டதே இல்ல, கோச்.”