மூலையில் ஒரு கட்டைவிரல்

முதல் நாவலின் வெளியீட்டு மாலையில், முதல் பெட்டிப் புத்தகங்கள் அரை மணி நேரத்தில் தீர்ந்துவிட்டன. நாவலாசிரியைக்குக் கால் தரையில் பாவவில்லை.

"வரிசை வாசல் வரைக்கும் நிக்குதுடி!" என்றபடி, இரண்டாவது பெட்டியில் அச்சகத்தார் ஒட்டியிருந்த டேப்பை அக்கா கத்தரியால் கீறினாள்.

நாவலில் வரும் ஓவியன் தன் படங்களில் கையெழுத்துப் போடமாட்டான். பச்சை வண்ணத்தில் கட்டைவிரலைத் தோய்த்து மூலையில் ஒற்றுவான். காதலியை வரைந்த கடைசிப் படத்தில் மட்டும், ஒற்றுவதற்குள் இறந்துவிடுவான். அந்தப் படம்தான் அட்டையில் இருந்தது, மூலை வெறுமையாக.

அக்கா எடுத்துக் கொடுத்த புத்தகத்தின் அட்டை மூலையில் பச்சைக் கட்டைவிரல் ரேகை இருந்தது. அடுத்ததிலும் இருந்தது. பெட்டியில் இருந்த அறுபதிலும் இருந்தது.

"அட, பிரமாதம்! உங்க வேலைதானே?" என்று அட்டை வரைந்தவரிடம் துள்ளினாள் நாவலாசிரியை.

"சத்தியமா இல்லைங்க. மூலையைக் காலியா விடணும்னு என்கிட்ட சண்டை போட்டதே நீங்கதானே?"

வரிசை ஆரவாரத்தோடு கை நீட்டியது. அவள் சிரித்துக்கொண்டே பேனாவைத் திறந்தாள்.

"பாத்துடி, இன்னும் காயல," என்றாள் அக்கா. "யார் விரலோ, குறுக்க வெட்டுப்பட்ட தழும்பு கூட அப்படியே விழுந்திருக்கு."

ஓவியனின் விரலில் அவள் கற்பனை செய்திருந்த அந்தத் தழும்பை நாவலில் எழுதவே இல்லை. யாருக்கும் கொடுக்க மனமில்லாமல் தனக்கென்று வைத்துக்கொண்டிருந்தாள்.

மெல்லத் தன் கட்டைவிரலை அதன்மேல் வைத்தாள். வண்ணம் வெதுவெதுப்பாக இருந்தது.