வலப்பக்கம் கோயில்

"உன் தம்பி எங்க மகேசு? ரெண்டு சுத்து சுத்திட்டேன், கண்ணுலயே படல."

சிதம்பரம் கீழ வீதியில், தேரடிக்கு எதிர் டீக்கடை முன்னால், சைக்கிளிலிருந்து இறங்காமல் ஒரு காலை மட்டும் ஊன்றிக்கொண்டு பூவராகன் கேட்டார். கூடையில் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை ஒன்று இருந்தது.

"வந்திருக்கான். ரெண்டு தடவ இந்தக் கடையத் தாண்டிப் போனான்" என்றாள் மகேஸ்வரி, கடை பெஞ்சில் உட்கார்ந்து தன் டீயை ஆற்றியபடி.

சண்டை சின்னதுதான். இந்த ஊரிலேயே இருக்கும் தம்பி ஜெயசீலன் புது வீட்டுக்குப் பால் காய்ச்சியபோது அக்கா புருஷனுக்கு அழைப்பை வாட்ஸப்பில் அனுப்பிவிட்டான். தட்டு வைத்து நேரில் கூப்பிடவில்லை என்று பூவராகன் போகவில்லை. வரவில்லை என்று அவன் பேச்சை நிறுத்தினான். இப்போது மகள் பவானிக்குக் கல்யாணம். தாய்மாமன் கைபிடித்து அழைத்து வராமல் பெண் எப்படி மணையில் உட்காருவாள்?

"அவன் வாசல்ல போய் நிக்கமாட்டேன். காத்துக்கிட்டும் நிக்கமாட்டேன். வழியில பாத்தா பேசறேன்" என்றார் பூவராகன். ஜெயசீலனும் அதையேதான் சொன்னான். அதனால்தான் மகேஸ்வரி இருவர் பெயரையும் ஞாயிற்றுக்கிழமை 'நிதான சவாரி'க்குக் கொடுத்துவிட்டு, கடலூரிலிருந்து கணவரை பஸ் ஏற்றிக் கூட்டி வந்திருந்தாள்.

தேர் தாராளமாகத் திரும்பட்டும் என்று அகலமாகப் போட்ட நான்கு வீதிகள். அவற்றை சைக்கிளில் சுற்றி வருவதுதான் சவாரி. தேர் போகிற வேகத்தில் மெல்ல மிதிக்க வேண்டும், யாரையும் முந்தக் கூடாது. நெரிசல் வேண்டாமென்று வெளியூர்க்காரர்களைக் கீழ வீதியிலிருந்தும் உள்ளூர்க்காரர்களை மேல வீதியிலிருந்தும் அனுப்புவார்கள். கோயிலை வலப்பக்கம் வைத்துத்தான் சுற்ற வேண்டும் என்பதை அந்த ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

மகேஸ்வரி ஒரு வட்ட பிஸ்கட்டை பெஞ்சில் வைத்தாள். "இது கோயிலு. இந்த ஓரத்துல நீங்க, நேரெதிர் ஓரத்துல அவன். ரெண்டு பேரும் ஒரே பக்கமா, ஒரே வேகத்துல போனா எப்படிப் பாத்துக்குவீங்க? நீங்க இங்க வர்றப்போ அவன் மேல வீதியில இருப்பான். சாயந்தரம் வரைக்கும் சுத்தவேண்டியதுதான்."

"வேகமா மிதிச்சுப் புடிச்சிடவா?"

"தொரத்திக்கிட்டு வந்தாருன்னு சொல்லுவான். பேசாம இங்கயே நில்லுங்க, தானா வருவான்."

"நானா? அவனுக்காகக் காத்துக்கிட்டு நிக்கணுமா?"

"அப்ப ரெண்டுல ஒருத்தர் எதிர்ப்பக்கமா திரும்பணும்."

"கோயில இடப்பக்கம் வெச்சுக்கிட்டா? அவனத் திரும்பச் சொல்லு."

"யாரு, அவனா? பக்கத்துக் கடையில பால் வாங்கறதுக்கே நாலு வீதியும் வலமா சுத்திப் போறவன். தலகீழா நின்னாலும் திரும்பமாட்டான்."

பூவராகன் கூடையிலிருந்த பத்திரிகையைப் பார்த்தார். கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சைக்கிளை வடக்கே திருப்பினார்.

எதிரே வந்தவர்கள் மணியடித்தார்கள். "பெரியவரே, ரூட்டு மாறிட்டீங்க!" என்று ஒரு பெண் கத்தினாள். அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனார். வடக்கு வீதியில் இல்லை. மேல வீதியில் பச்சை டீ ஷர்ட் போட்ட தொண்டர் ஒருவர், "என்னா சார், நீங்களுமா?" என்று தலையில் அடித்துக்கொண்டார். நின்று பதில் சொல்ல பூவராகனுக்குப் பொறுமையில்லை. தெற்கு வீதியிலும் இல்லை.

டீக்கடைக்கு வந்து சேர்ந்தபோது அவர் முகம் சிவந்திருந்தது. பத்திரிகையை எடுத்து மனைவியின் மடியில் போட்டார்.

"சாமிக்கு ஆகாததைச் செஞ்சு முழு சுத்து வந்துட்டேன். என்னைத் தூரத்துல பாத்ததும் ஏதோ சந்துல பூந்துட்டான் உன் தம்பி. பவானிக்கு மாமன் இல்லன்னு நெனச்சுக்க."

மகேஸ்வரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"எந்தச் சந்துலயும் பூரல. கொஞ்சம் முன்னாடிதான் இப்பிடிப் போனான், உங்கள மாதிரியே எதிர்ப்பக்கமா. நில்லுடான்னு கத்துனேன். 'மாமா எங்க திரும்பப் போறாரு அக்கா? அதான் நானே திரும்பிட்டேன். இந்தச் சுத்துல நேருக்கு நேரா பாத்துருவேன்'னு சொல்லிக்கிட்டே மிதிக்கிறான்!"

பூவராகன் பத்திரிகையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு, தெற்கு வீதி முனையைப் பார்த்தபடி நின்றார்.

"ரெண்டு டீ சொல்லு" என்றார். "அவனுக்குச் சக்கரை ஜாஸ்தி."