டாக்டர் கண்ட மஞ்சள்

கண்ணாடியில் பார்த்தால் வெள்ளை. கைபேசியில் டாக்டர் பார்த்தால் மஞ்சள். ஒரே கண் எப்படி ஆளுக்கொரு நிறம் காட்டும் என்று கரண்டியக்காவுக்குப் பிடிபடவே இல்லை.

"நீங்களே பாருங்க, மஞ்சளாவா இருக்கு?" என்று கீழ் இமையை இழுத்துக் கணவரிடம் காட்டினாள்.

"அவிச்ச முட்டை மாதிரி வெள்ளையா இருக்கு. ஆனா, படிச்சவர் சொல்றாரே!" என்றார் அவர்.

அவள் ஓர் அலுவலகக் கேன்டீனில் தலைமைச் சமையல்காரி. கரண்டியால் மேடையைத் தட்டியே ஆட்களை மேய்ப்பதால் வந்த பெயர் அது. காய்ச்சலில் படுத்து எழுந்தவளிடம், டாக்டர் சான்று இல்லாமல் அடுப்படிக்குள் வரக்கூடாது என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

வெறும் காய்ச்சல் என்றால் நாளைக்கே வேலை. மஞ்சள் காமாலை என்றால் மாதக்கணக்கில் வீடு. திரும்பிப் போவதற்குள் வேறொருத்தி கரண்டியைப் பிடித்திருப்பாள்.

கிளினிக் என்னவோ தெருமுனையில்தான் இருந்தது. ஆனால் கதவில் 'முதலில் வீடியோவில் வரவும்' என்று பலகை. பால்கனியிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற டாக்டரை, தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற மாதிரி, செயலி வழியாகப் பிடிக்க வேண்டியிருந்தது.

அந்தச் செயலி வேலை செய்யும் விதம் எளிது. யார் குரல் கேட்கிறதோ அவர் முகம் பெரிய கட்டத்துக்கு வந்து திரையை நிறைக்கும். பேசாதவர் மூலையில் தபால்தலை அளவுக்குச் சுருங்கிவிடுவார். "வணக்கம் டாக்டர்" என்று முதல் அழைப்பில் சொன்னதுமே தன் மூக்குத் துவாரம் திரை முழுக்க விரிந்ததைக் கண்டு அரண்ட கரண்டியக்கா, அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை. திறக்க டாக்டரும் விடவில்லை.

"பசி இருக்காதே? இருக்காது. அசதியா இருக்குமே? இருக்கும். இப்ப ஊர்ல எல்லாருக்கும் அப்படித்தான், எனக்கே ரெண்டு நாளா சாப்பாடு இறங்கலை. சரி, காமாலை முதல்ல கண் வெள்ளையிலதான் தெரியும். இமையை இப்படி இழுத்துப் பிடிங்க. நான் பண்றதைப் பார்த்து அப்படியே பண்ணுங்க."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். தன் கீழ் இமையை இழுத்துக்கொண்டு கேமராவோடு கேமராவாக ஒட்டினார். அவளும் இழுத்தாள், கணவர் கைபேசியை அவள் கண்ணில் இடிக்கிற மாதிரி கொண்டுபோனார்.

"அடடா! சுத்த மஞ்சள்!" என்றது கைபேசி.

கணவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். "லிஃப்ட் நின்னுபோச்சுன்னா கயிறா, மோட்டாரா, பட்டனான்னு ஒவ்வொண்ணாத் தள்ளிக்கிட்டே வரணும். எது மிஞ்சுதோ அதுதான் கோளாறு" என்று வேலையில் இறங்கினார்.

மஞ்சள் பல்பைக் கழற்றி வெள்ளை விளக்கு மாட்டினார். மஞ்சள் திரைச்சீலையை அவிழ்த்து மூலையில் எறிந்தார். லென்ஸைச் சட்டை நுனியால் துடைத்தார். மறுபடி டாக்டரைப் பிடித்தார்கள், அவர் மறுபடி தன் இமையை இழுத்துக் காட்டி, "முன்னைவிட மஞ்சள்!" என்றார்.

"காமாலைக் கண்ணனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சளாம்" என்று பல்லைக் கடித்தாள் அவள்.

"மெதுவாப் பேசுடி, சான்று அவர் கையில இருக்கு" என்ற கணவர், மனைவியின் மஞ்சள் புடவையையே உற்றுப் பார்த்தார். புடவையும் மாறியது, வெள்ளையாக.

"இந்தக் கோலத்துல என்னை நிக்க வைக்கிறீங்களே, நீங்க குத்துக்கல்லாட்டம் இருக்கும்போதே!"

"சான்று வர்ற வரைக்கும்தான். வா, வந்து கண்ணைக் காட்டு."

மூன்றாம் முறையும் டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார், இமையை இழுத்தார், விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். கரண்டியக்கா துணிந்து குறுக்கிட்டாள்.

"டாக்டர், எனக்கு நல்லாப் பசிக்குது. காலையில கூட..."

"பேசாதீங்கம்மா! நீங்க பேசினா படம் குதிக்குது. இமையை விடாதீங்க. நான் பிடிச்சிருக்கேன் பாருங்க, இப்படி. இன்னும் கிட்ட, இன்னும் கிட்ட..."

கிட்டக் கொண்டுபோன அவசரத்தில் கணவரின் வியர்த்த கையிலிருந்து கைபேசி நழுவியது. கட்டிலில் கிடந்த தலையணையில் குப்புற விழுந்து புதைந்தது.

போச்சு, திட்டப்போகிறார் என்று இருவரும் நாக்கைக் கடித்துக்கொண்டார்கள்.

"அப்படித்தான்! அசையாம அப்படியே வச்சிருங்க!" என்றது தலையணை. "இவ்வளவு தெளிவா இதுவரைக்கும் யாரும் காட்டினதில்லை. சந்தேகமே வேண்டாம்மா, காமாலைதான். அடுப்படிப் பக்கம் போகவே கூடாது!"

கணவர் தலையணையைப் பார்த்தார். கரண்டியக்கா கணவரைப் பார்த்தாள். இரண்டு கண்ணும் அவளுக்கு முகத்திலேயேதான் இருந்தன.

மெல்லக் குனிந்து கைபேசியை எடுத்துத் திருப்பினாள். இமையை இழுக்கும்போதெல்லாம் கண்ணோடு ஒட்டியே வைத்திருந்ததால் சரியாகப் பார்க்காத திரையை, முதல்முறையாகக் கைநீட்டத் தள்ளிப் பிடித்து நிதானமாகப் பார்த்தாள். பெரிய கட்டம் முழுக்க ஒரே ஒரு கண், இமையை இழுத்துப் பிடித்த ஒரு விரல். வெள்ளையாக இருக்க வேண்டிய இடம் எலுமிச்சம்பழத் தோல் மாதிரி இருந்தது.

டாக்டர் மூச்சு வாங்க நிறுத்திய இடைவெளியில் அவள் சொன்னாள்:

"டாக்டர், அது உங்க கண்ணு. நீங்க கொஞ்சம் பேசாம இருந்தா என் கண்ணு தெரியும்."