இருக்கீங்களா?

பஸ் டிக்கெட் விற்கும் இணையதளத்துக்கு சகாயராணி ஒரு மாற்றுத் தளம் அமைத்தாள். ஏற்பாடு எளிமையானது. காவல் நிரல் ஒன்று முதன்மைத் தளத்திடம் 'இருக்கீங்களா?' என்று ஓயாமல் கேட்கும். போனை எடுத்ததும் அவள் சொல்கிற 'இருக்கேன், சொல்லுங்க'வையே தளத்தின் பதிலாக எழுதியிருந்தாள். பதில் வராவிட்டால் பயணிகள் சத்தமில்லாமல் மாற்றுத் தளத்துக்குப் போய்விடுவார்கள். "மெயின் சைட்டை நாமளே நிறுத்திப் பாக்கணும் சார். யாருக்கும் தெரியலேன்னா டெஸ்ட் பாஸ்," என்று மேனேஜரிடம் விளக்கிவிட்டு முதன்மைத் தளத்தை நிறுத்தினாள். ஒரு புகார்கூட வரவில்லை. மேனேஜர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "பிரமாதம் ராணி. புதுசா வந்த தர்ஷிகாவுக்கும் எல்லாம் சொல்லிக் குடுத்துட்டீங்கல்ல? ஒரு வாரம் ஊருக்குப் போய்ட்டு வாங்களேன்." அவள் லீவே கேட்டிருக்கவில்லை. ஊரில் அவளுடைய போன் ஒருமுறைகூட அடிக்கவில்லை. வேலை இருக்கிறதா, போய்விட்டதா என்று மனம் அரித்தது. கடைசியில் அவளே ஆபீஸில் தன் மேசை போனுக்கு அடித்தாள். மணி முழுதாக அடிப்பதற்குள் எடுத்துவிட்டார்கள். "இருக்கேன், சொல்லுங்க," என்றது தர்ஷிகாவின் குரல். சகாயராணி போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டாள். "ஹலோ, யாருங்க? லைன்ல இருக்கீங்களா?"