மிச்சம் வைக்காத தட்டு

கீரையைக் கண்டாலே அழுகிற நான்கு வயதுத் தமிழ்வாணி, இரண்டு வாரமாகத் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தாள். மழலையர் பள்ளி ஆசிரியை மாதங்கிக்கு ஒரே ஆச்சரியம்.

சாயங்காலம் மகளைக் கூட்டிப்போக வந்த சிவபாண்டியிடம் கேட்டாள். "எப்படிண்ணே பழக்குனீங்க? மத்த பெற்றோருக்கும் கொஞ்சம் சொல்லுங்களேன்."

அவன் தலை கவிழ்ந்தான். மகள்தான் பதில் சொன்னாள்.

"காய், கீரை எல்லாம் மிச்சம் வைக்காமச் சாப்பிட்டா அம்மா வந்துருவாங்கன்னு அப்பா சொன்னாரு. இன்னும் எம்புட்டு நாள் சாப்பிடணும் டீச்சர்?"

மூன்று மாதத்துக்கு முன்பு அந்த அம்மாவின் உடலுக்கு மாலை போட்டுவிட்டு வந்தவள் மாதங்கி. உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"இன்னும் கொஞ்ச நாள்தான் கண்ணு," என்றாள்.