பதினேழாம் எண்

"அந்தச் சிவப்பைத் திறங்க சார்" என்றாள் அவள், உட்கார்ந்த இடத்திலிருந்தே.

நூலகர் தாமோதரன் காதில் விழாத மாதிரி மைக்கைத் தட்டிப் பார்த்தார். மைக் நன்றாகத்தான் இருந்தது.

திரையில் அவளுடைய மூன்றாவது இயல். முனைவர் பட்டத்துக்காக நாலு வருஷம் அலைந்து எழுதியது. பாதிக்கு மேல் சிவப்பு. மேல் மூலையில் அறுபத்தொரு சதவீதம்.

ஆய்வு மாணவர்களுக்கான மூன்று நாள் பயிற்சியில் இதுதான் கடைசி அமர்வு. அடுத்தவர் எழுத்தை எடுத்து எழுதினால் மென்பொருள் எப்படிப் பிடிக்கும் என்று காட்ட, யாராவது ஒரு கோப்பு கொடுங்கள் என்றார் நூலகர். யாரும் தரவில்லை. அவள்தான் பென்டிரைவை நீட்டினாள். அவளுக்கு என்ன பயம்.

"எல்லாம் சுட்டதுதான் போல" என்றான் பின்வரிசையில் ஒருத்தன். சிரிப்பு.

சிவப்பின் மேல் மவுஸ் அம்பை வைத்தால், அது எங்கிருந்து வந்தது என்று ஒரு கட்டம் திறக்கும். அரை நொடி திறந்தது. நூலகர் படித்தார். சட்டென்று அம்பைத் திரையின் ஓரத்துக்கு இழுத்துவிட்டார்.

அப்புறம் முதல் வரிசையைப் பார்த்தார்.

முதல் வரிசையில் பிரமிளா மேடம். அவளுடைய நெறியாளர். சான்றிதழ் கொடுக்க வந்திருந்தார்.

சேர்ந்த முதல் வாரமே, மேடத்திடம் ஆய்வு செய்யும் ரெஜினா அக்கா சொல்லியிருந்தாள். என்ன வேணா கேளு, மேடம் எதிர்ல 'இது யார் எழுதினது'ன்னு மட்டும் கேட்டுடாதே. ஏன்க்கா என்றதற்கு, உனக்குப் பட்டம் வேணுமா வேணாமா என்றாள்.

அக்காவுக்கு அது ஏழாவது வருஷம்.

மேடம் கையெழுத்து இல்லாமல் ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது. கடைசித் தேதி அடுத்த மாதம் பத்து.

அவள் எழுந்து நின்றாள்.

"இது யார் எழுதினதுன்னு திறந்து காட்டுங்க சார்."

சிரிப்பு நின்றுவிட்டது.

திறந்தார்.

கட்டுரை மேடத்துடையது. ஆறு மாதத்துக்கு முன் ஆய்விதழில் வந்தது. எழுதியவர் என்று ஒரே ஒரு பெயர்.

போன வருஷம் இந்த இயலைத் திருத்தக் கொடுத்தபோது, மேடம் ஓரத்தில் எழுதித் தந்தது ரெண்டே வார்த்தை. ஆழம் போதாது.

ஆழம் போதாத பதினொரு பக்கம் திரையில் அப்படியே ஓடியது. ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்கள், இருபத்துநாலு பேர். யாருக்கும் பெயர் கிடையாது. பெயர் வெளியே வராது என்று எழுதிக் கொடுத்துத்தான் பேட்டி வாங்கினாள். பயிற்சியின் முதல் நாளும் அதைத்தான் சொன்னார்கள். ஆளை எண்ணால் குறிக்கணும்.

நூலகர் உருட்டிக்கொண்டே போனார். நிறுத்த மறந்தாரோ, மனசில்லையோ.

பதினேழாம் எண்.

'ஒட்டுற சொலூஷன் நாத்தம் எத்தினி வாட்டி கழுவினாலும் போவாது. எம்பொண்ணுக்குச் சோறு ஊட்டப் போனா மூஞ்சைத் திருப்பிக்கும். அப்பறம் ஸ்பூனாலதான் ஊட்டுனேன்.'

அதற்குக் கீழே மேடம் சொந்தமாகச் சேர்த்த ஒரே வரி.

'இவரை நான் இவரது வீட்டில் நேரில் சந்தித்தபோது இதைக் கூறிக் கண்கலங்கினார்.'

அவள் அந்த வரியை ரெண்டு தடவை படித்தாள்.

அம்மா அழவே இல்லை.

வெங்காயத்தாளை அரிந்துகொண்டே, சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். இதெல்லாமாடி படிப்புல எழுதுவாங்க என்று கேட்டாள்.

பதினேழு தன் அம்மா என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. மேடத்திடமும். சொந்த ரத்தத்தை ஆய்வில் சேர்க்கக் கூடாது என்று இயலையே தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்ற பயம். இப்போது சொன்னாலும் தூக்கிப் போடுவார்கள்.

மேடம் மெல்லத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் கோபமே இல்லை. அதுதான் அவளுக்கு ஆகவில்லை.

"சொந்த வார்த்தையில மாத்தி எழுதும்மா. அதுக்குத்தானே இந்தப் பயிற்சி."

ரெண்டு மூணு பேர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள்.

"மேடம், அந்தப் பதினேழாவது அம்மாவை நீங்க பாத்தீங்களா?"

"பாக்காம எழுதுவாங்களா?" மேடம் அரங்கைப் பார்த்துச் சிரித்தார். "அந்த முகம் இன்னும் என் கண்ணுலயே நிக்குது."

நூறு பேர் கேட்டார்கள். மைக்கும் கேட்டது.

"சரிங்க மேடம்."

முன்னால் போய்க் கையை நீட்டினாள். நூலகர் ஏதோ ரெண்டு பொத்தானை அழுத்திவிட்டு, பென்டிரைவைப் பிடுங்கிக் கொடுத்தார். மைக்கிலிருந்து வாயைத் திருப்பிக்கொண்டார்.

"சிவப்பு காட்டுன அறிக்கையும் அதுல இருக்கும்மா."

வாசல் மேசையில் சான்றிதழ்கள் அடுக்கியிருந்தன. அவளுடையது மேலேயே கிடந்தது, மேடத்தின் கையெழுத்தோடு. தாண்டிப் போனாள்.

மணி நாலு. கம்பெனியில் டீ நேரம். அப்போதுதான் பெண்கள் கைக்குப் போன் வரும்.

முதல் மணியிலேயே அம்மா எடுத்தாள்.

"நாளைக்கு லீவு சொல்லும்மா. இங்க வரணும்."

"இன்னாடி ஆச்சு?"

"எங்க மேடம் நம்ம வீட்டுக்கு வந்து உன்னைப் பாத்தாங்களாம். நீ அழுதியாம்."

அந்தப் பக்கம் டம்ளர் சத்தம். யாரோ அம்மாவை வேலை வரிசைக்குக் கூப்பிட்டார்கள்.

அவள் படியிறங்கிக்கொண்டிருந்தாள்.

"மொத பஸ்ஸு எத்தினி மணிக்கு?" என்றாள் அம்மா.